சித்தியின் போனில் விட்டுவந்த சான்றிதழ்

"மக்களே, இந்த எழுத்து எதற்கு வருகிறது?" என்று கேட்டுச் சித்தி போனை என் பக்கம் நீட்டினார். 2025 பிப்ரவரி. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்தை ஒட்டி அவர்கள் பால் வெட்டும் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து, தளிர்விடத் தொடங்கியிருந்தன. வெட்டு நிறுத்திய நாட்கள் என்பதால் பகலில் சித்தி வீட்டில் இருந்தார். திண்ணைக் கயிற்றில் பழைய ரப்பர் ஷீட்டுகள் நான்கைந்து தொங்கின. திரையை மேலிருந்து இழுத்தால் விரியும் பகுதியின் அடியில், நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம் என்ற பொருளில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். "நீ மழைக்காலத்தில் வந்து போனைப் பார்த்துவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து. விடியற்காலம் டார்ச் போட இழுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். நீ வைத்ததுதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்" என்றார்.

நான் நாகர்கோவிலில் வீட்டிலிருந்தபடியே செயலிகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் வேலை செய்கிறேன். குறியாக்கம் செய்யப்பட்ட இணையப் போக்குவரத்தை உரியவரின் அனுமதியோடு நடுவில் நின்று பிரித்துப் பார்ப்பது என் அன்றாடப் பிழைப்பு. அந்த வரியின் பொருள் சித்தியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அப்படி நடுவில் நிற்பதற்காக நான் வைத்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் ஏழு மாதமாக அவர் போனில் இருந்திருக்கிறது. போன் தன் உடைமையாளரை நாள்தோறும் எச்சரித்திருக்கிறது. அவரும் நாள்தோறும் அதைப் படித்திருக்கிறார். என்னை நம்பியதால் எச்சரிக்கையை நம்பவில்லை.

மழைக்காலத்தில் நடந்தது

2024 ஜூனில் மழை பிடித்ததும் வெட்டு நின்றது. தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்தால் பால்வெட்டுக்காரர் வீட்டில் பணம் நிற்காது. சிரட்டையில் தண்ணீர்தான் நிறையும். அந்த நேரம் பார்த்துத் தம்பியின் கல்லூரி விடுதிக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டு, சித்தி ஒரு கடன் செயலியை நிறுவிக்கொண்டார். ஐயாயிரம் என்று சொன்ன கடனில் கைக்கு வந்தது மூவாயிரத்துச் சொச்சம். ஏழாம் நாள் முழு ஐயாயிரத்தையும் கேட்டார்கள். எட்டாம் நாள், சவுதியில் இருக்கும் மருமகனின் போனுக்குச் சித்தியின் படத்தோடு ஒரு கேவலமான செய்தி போனது. அதற்கடுத்து உள்ளூர் ரேஷன் கடைக்காரருக்கு. பிறகு, எப்போதோ ஒருமுறை ஒட்டுப்பால் வாங்க வந்த வியாபாரிக்கு.

இது நடக்கக் கூடாது என்பதற்கு விதி இல்லாமல் இல்லை. கடன் செயலிகள் போனின் தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரம், கோப்புகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. 2023 மே 31 முதல் கூகுளும் தன் பிளே ஸ்டோரில் உள்ள கடன் செயலிகளுக்குத் தொடர்புகளையும் படங்களையும் அணுகத் தடை போட்டது. சித்தி நிறுவியது அந்தக் கடை வழியாக வந்த செயலி அல்ல. வாட்ஸப்பில் கோப்பாக வந்த செயலிக்கு எந்தக் கடையின் விதியும் பொருந்தாது.

எனக்குக் கோபம். செயலி என்ன எடுக்கிறது, எங்கே அனுப்புகிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் புகாரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கோபத்தில் செய்யும் வேலையில் கை ஓடும், குறிப்பேடு ஓடாது. என் தவறு அந்தப் பஸ்ஸிலேயே தொடங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

அரக்கு முத்திரை

இந்தத் துறைக்கு வெளியே உள்ளவர்கள் நாங்கள் குறியாக்கத்தை உடைக்கிறோம் என்று நினைக்கிறார்கள். ஒருநாளும் இல்லை. இணையப் பேச்சைக் குறியாக்கும் முறையான டிஎல்எஸ்ஸின் கணக்கை உடைக்கும் திறமை எனக்குக் கிடையாது, தேவையும் கிடையாது. பழைய நாளில் அரக்கு முத்திரை வைத்த பார்சல் வரும். நடுவில் ஒருவன் அதைப் பிரித்து, உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு, மறுபடி கட்டித் தன் முத்திரையைக் குத்தி அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் முத்திரையைப் பார்த்தவுடன் திருப்பி அனுப்பிவிடுவார். அவரிடம் முன்கூட்டியே போய், "இந்த முத்திரையும் செல்லும், உங்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி எழுத வைத்துவிட்டால் போதும். அதன்பிறகு எந்தப் பார்சலையும் பிரிக்கலாம். போனில் அந்தப் பட்டியல்தான் நம்பகமான சான்றிதழ்களின் தொகுப்பு. மிட்ம்ப்ராக்ஸி, பர்ப் சூட் போன்ற கருவிகள் அந்த முத்திரையைத் தயாரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தளத்துக்கும் அந்தக் கணமே ஒரு போலிச் சான்றிதழை எழுதிக் காட்டும். போன் லேப்டாப்போடு பாதுகாப்பாகப் பேசும், லேப்டாப் சர்வரோடு பாதுகாப்பாகப் பேசும். இரண்டுக்கும் நடுவே எல்லாம் வெட்டவெளி. கணிதம் ஒரு நூலளவும் பிசகாது. ஒருவர் மனம் வைத்துப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான் நடந்தது.

அன்று சித்தியின் போனில் அந்தப் பெயரைச் சேர்த்தவன் நான். அந்த முத்திரைக்குப் பெயர் ரூட் சான்றிதழ். அதை நிறுவத் திரைப்பூட்டு கட்டாயம் வேண்டும் என்று ஆண்ட்ராய்டு கேட்டது. சித்தியின் போனில் பூட்டே இல்லை. நானே நான்கு எண்களை வைத்து, அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு வைஃபை அமைப்பில் என் லேப்டாப்பை நடுவாளாக எழுதிவிட்டுச் செயலியைத் திறந்தேன். இணைப்பே ஏற்படவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டிய விஷயம்தான். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், செயலிகள் பயனர் சேர்த்த சான்றிதழை இயல்பாக ஏற்பதில்லை. போன் தயாரிப்பிலேயே வந்த பட்டியலைத்தான் நம்பும். போதாததற்கு இந்தச் செயலி தன் சர்வரின் சான்றிதழ் எது என்பதையும் உள்ளேயே பதித்து வைத்திருந்தது. திருடனும் தன் பூட்டை நன்றாகத்தான் போடுகிறான்.

என் அமைப்பில் பிழையா, செயலி மறுக்கிறதா என்று பிரித்தறிய குரோமைத் திறந்தேன். ஆண்ட்ராய்டில் குரோம் பயனர் சேர்த்த சான்றிதழை ஏற்றுக்கொள்ளும். சித்தி கடைசியாக விட்டிருந்த பக்கம் தானாகவே மறுபடி ஏறியது. என் திரையில் வரிகள் ஓடின. கூகுள் தேடலின் முகவரி ஒன்று வந்தது. முகவரியில் தமிழ் எழுத்துகள் எழுத்தாக வராது. ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டாக உடைந்து, விழுக்காட்டுக் குறியும் எண்ணும் எழுத்துமாக நீளும். சோதனை வேலை செய்கிறதா என்று பார்க்க அந்த வரி ஒன்றே போதுமானது. அதைப் பிரித்துப் படிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. ஆனால் கை பழக்கத்தில் பிரித்தது. "கடன் கட்டாவிட்டால் போலீஸ் வீட்டுக்கு வருமா" என்று இருந்தது.

சித்தி அடுக்களையில் கட்டன் சாயா போட்டுக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பயத்தை என்னிடம் சொல்லவில்லை. சித்தப்பாவிடமும் சொல்லியிருக்க மாட்டார். போனில் குரல் கொடுத்துக் கேட்டிருக்கிறார். அன்று இரவு நாகர்கோவில் திரும்புவதாகத்தான் இருந்தேன். போகவில்லை. மழையைக் காரணம் சொல்லித் திண்ணையில் படுத்துக்கொண்டேன்.

சாட்சியாகும் போன்

குற்றம் நடந்த போனில் புதிதாக எதையும் நிறுவக் கூடாது என்பது தடயவியலின் பாலபாடம். மூலப் பொருளில் கைவைக்காமல் பிரதி எடுத்து, பிரதியில் ஆராய வேண்டும். கைவைத்தே ஆக வேண்டுமென்றால் எந்த நேரத்தில், என்ன செய்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு தர வேண்டிய சான்றில் அதன் ஹாஷ் மதிப்பையும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண்ணையும், கேட்கிறது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முழுவதும் மாறிவிடும். இதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். சொந்தச் சித்தியின் போன் என்றதும் அது சாட்சிப் பொருள் என்பது மறந்தே போனது.

மறுநாள் காலையில் புத்தி வந்தது. சித்தியின் போனிலிருந்து செயலியின் கோப்பை மட்டும் பிரதி எடுத்து, ஹாஷ் குறித்துக்கொண்டு, வேலைக்கென்று வைத்திருக்கும் என் பழைய போனில் நிறுவினேன். அது உள்ளமைப்பு வரை எனக்குத் திறந்துவிடப்பட்ட போன். என் சான்றிதழை அதில் தயாரிப்புப் பட்டியலிலேயே சேர்த்துவிடலாம். செயலி உள்ளே பதித்திருந்த சான்றிதழ்ச் சோதனையை, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபிரிடா என்ற கருவியால் விலக்கினேன். இதற்கென்று வாங்கிய சிம், அதில் நானே உண்டாக்கிய தொடர்புப் பட்டியல். தோவாளைச் சந்தையை நினைத்துக்கொண்டு பிச்சி, மல்லி, கேந்தி, கொழுந்து, அரளி என்று பன்னிரண்டு பூக்களின் பெயரை வைத்தேன். எண்கள் எல்லாம் பூஜ்யத்தில் தொடங்கும், யாருக்கும் போய்ச் சேராத எண்கள். யாரோ ஒரு அப்பாவிக்கு அந்தக் கும்பல் போன் போட நான் காரணமாகக் கூடாது.

செயலியைத் திறந்து, அனுமதிகளைக் கொடுத்து, கடன் கேட்கும் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே பன்னிரண்டு பூக்களும் வரிசையாக என் திரையில் வந்து நின்றன. பிச்சி, அவளுடைய எண். மல்லி, அவளுடைய எண். அதற்குக் கீழே போனின் மாடல், நிறுவியிருக்கும் மற்றச் செயலிகளின் பட்டியல், கேலரியில் இருந்த படங்களின் பெயர்கள். ஒரே கோரிக்கையில் எல்லாம் போனது. சித்தியின் போனில் இப்படித்தான் சவுதி மருமகன் போயிருப்பார், ரேஷன் கடைக்காரர் போயிருப்பார். அந்தத் திரையைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதே பதிவில் வாடிக்கையாளர் எண் ஒன்று வெறும் எண்ணாக முகவரியிலேயே இருந்தது. கடைசி இலக்கத்தை மாற்றி அனுப்பினால் அடுத்தவரின் விவரம் வந்துவிடும் போலத் தெரிந்தது. மாற்றவில்லை. என் போனிலிருந்து என்ன வெளியே போகிறது என்று பார்ப்பது என் உரிமை. அனுமதி தராத ஒருவரின் சர்வருக்குள் கைவிட்டுப் பார்ப்பது, அவன் கொள்ளைக்காரனாகவே இருந்தாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளுக்குள் போய் நிற்கும். உள்ளே இருப்பது அந்தக் கும்பலின் விவரம்கூட இல்லை. சித்தியைப் போல மாட்டிக்கொண்ட இன்னொருத்தியின் விவரம். முகவரியின் அமைப்பை மட்டும் குறிப்பில் எழுதினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போக்குவரத்தைப் பதிவு செய்து வைத்தால் பிறகு எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. பழைய ஆர்எஸ்ஏ சாவிப் பரிமாற்றம் இருந்த நாளில் அது உண்மை. சர்வரின் ரகசியச் சாவி பின்னால் கிடைத்தால் பழைய பதிவும் திறக்கும். 2018 ஆகஸ்டில் வெளியான டிஎல்எஸ் 1.3 அந்த வழியை அடியோடு நீக்கிவிட்டது. ஒவ்வொரு உரையாடலுக்கும் தனிச் சாவி பிறந்து, அதோடு மடிகிறது. போக்குவரத்தைப் பதிவு செய்யும் வயர்ஷார்க் கருவியில் கோப்பு பத்திரமாக இருக்கும். உரையாடல் நடந்த நேரத்தில் அதன் சாவியைப் பிடித்து வைக்காவிட்டால் எந்தப் பெயருள்ள சர்வரோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு பேச்சு என்பது மட்டுமே மிஞ்சும். அதனால்தான் நாங்கள் நடப்பு நேரத்தில் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தச் சான்றிதழ்கள் இத்தனை போன்களுக்குள் போகின்றன.

பதிவு, ஹாஷ், குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் சொல்லி, தேசிய சைபர் குற்றத் தளத்திலும் சித்தியின் பெயரில் புகார் பதிந்தோம். ஆகஸ்டுக்குள் மிரட்டல் ஓய்ந்தது.

கிளம்பும் முன் வைஃபையில் எழுதியிருந்த என் லேப்டாப் முகவரியை நீக்கினேன். நீக்காவிட்டால் சித்தியின் போனில் இணையமே வராது. நான் பஸ் நிலையம் போய்ச் சேர்வதற்குள் கூப்பிட்டிருப்பார். சான்றிதழ் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. அதனால் அது தங்கிவிட்டது.

மூன்று நாள்

பிப்ரவரியில் சித்தியின் திண்ணையில் அந்த வரியைப் பார்த்தவுடன் என் நினைவு நேரே நவம்பருக்குப் போனது. லேப்டாப்பின் திரை விரிசல் விட்டு, நாகர்கோவிலில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் மூன்று நாள் கொடுத்திருந்தேன். புதுத் திரையைச் சோதிக்க வேண்டும் என்று கடவுச்சொல் கேட்டார்கள். ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். மிட்ம்ப்ராக்ஸி தன் ரூட் சான்றிதழின் ரகசியச் சாவியை எங்கே வைக்கிறது என்று இந்தக் கருவியைத் தொட்டவர்களுக்குத் தெரியும்: வீட்டு அடைவில், மறைந்த ஒரு கோப்புறையில், சாதாரணக் கோப்பாக. மூன்று நாளும் அது அங்கேதான் இருந்தது.

கடைக்காரர் மீது எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆபத்தின் அளவும் எனக்குத் தெரியும். அந்தச் சாவி எவன் கையில் கிடைத்தாலும், சித்தியின் போன் பேசும் பாதையில் அவன் நின்றாக வேண்டும். அப்படி நின்றாலும் வாட்ஸப்பும் வங்கிச் செயலியும் அந்தச் சான்றிதழை ஏற்காது. உலாவியில் பார்ப்பது மட்டும் வெளிப்படும். ஆனால் உலாவியில் சித்தி என்ன பார்ப்பார் என்பது எனக்குத் தெரியுமே. யாரிடமும் கேட்க முடியாததைத்தான் அவர் அங்கே கேட்கிறார்.

இதுபோன்றவை பெரிய அளவில் நடந்தபோது நாங்கள் எவ்வளவு கொதித்தோம். 2011இல் இணையதளங்களுக்குச் சான்றிதழ் தரும் டச்சு நிறுவனமான டிஜிநோட்டருக்குள் புகுந்தவர்கள் கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்து, ஈரானில் மக்களின் அஞ்சலைப் படித்தார்கள். அந்த நிறுவனம் சில வாரங்களில் திவாலானது. 2014 ஜூலையில் நம் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்பு அமைப்பிலிருந்தே கூகுள் தளங்களுக்கு அங்கீகாரமில்லாத சான்றிதழ்கள் வெளியேறியிருந்தது தெரியவந்தது. 2015 பிப்ரவரியில் லெனோவோ லேப்டாப்புகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் தன் ரூட் சான்றிதழைப் பதித்திருந்ததும், எல்லாக் கணினியிலும் ஒரே ரகசியச் சாவியை வைத்திருந்ததும் அம்பலமாயின. பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் அந்தச் சாவியை வெளியே எடுத்துக் காட்டினார். அந்தச் செய்தியை நான் எத்தனை கூட்டங்களில் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறேன். சூப்பர்ஃபிஷ் செய்ததும் நான் செய்ததும் அமைப்பில் ஒன்றுதான்: பிறர் பொருளில் என் முத்திரையைச் செல்லும்படியாக்கிவிட்டு, முத்திரைக் கட்டையைக் கவனமில்லாமல் வைத்திருந்தேன். அவர்களுக்கு லட்சக்கணக்கான கணினிகள், எனக்கு ஒரு போன். அந்த ஒரு போனின் உடைமையாளருக்கு இந்த வேறுபாட்டால் ஒரு பயனும் இல்லை.

சித்தியின் முன்னாலேயே அமைப்புகளைத் திறந்து, நம்பகமான சான்றிதழ்கள் என்ற பக்கத்துக்குப் போனேன். அங்கே இரண்டு பட்டியல்கள். தயாரிப்பிலேயே வந்தது ஒன்று, நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களோடு நீளமாக. பயனர் சேர்த்தது இன்னொன்று. அதில் ஒரே ஒரு பெயர், மேலே தனியாக, மீதித் திரை முழுவதும் வெள்ளையாக. நீக்கினேன். என் லேப்டாப்பில் உள்ள சாவியை அழிப்பது மட்டும் இதற்குப் போதாது. பிரதி எடுக்கப்பட்டிருந்தால் அது வேறெங்கோ உயிரோடு இருக்கும். போன் தன் நம்பிக்கையை விலக்கிக்கொண்டால்தான் சாவி செத்ததாகும்.

சித்தியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். தோட்ட முதலாளியின் புகைக்கூட்டுச் சாவி சித்தப்பாவிடம்தான் இருக்கும்; ஷீட்டுகளை உள்ளே புகைபோட்டு அடுக்கி வைப்பார்கள். "சித்தி, புகைக்கூட்டுச் சாவி மாதிரி ஒன்றை உங்கள் போனுக்கு நான் செய்துகொண்டேன். வேலை முடிந்ததும் பூட்டை மாற்றாமல் போய்விட்டேன். அந்தச் சாவியோடு என் லேப்டாப் மூன்று நாள் வேறொருவர் கடையில் இருந்தது" என்றேன். சித்தி உள்ளே அந்தச் சாவி தொங்கும் ஆணியைத் திரும்பிப் பார்த்தார். அதில் சாவி இல்லை. "வெட்டு நிறுத்திய அன்றைக்கே சித்தப்பா சாவியை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டார். வருஷா வருஷம் அப்படித்தான்" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. நடைமுறை என்ன என்பதை எனக்குச் சொன்னார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மீதியைச் சொல்லாமல் எழுந்திருக்க முடியவில்லை. அன்று அவர் தேடியிருந்ததை நான் படித்ததையும், அது என் வேலைக்குத் தேவையில்லாதது என்பதையும் சொன்னேன். சித்தி கயிற்றில் தொங்கிய ஷீட்டின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதனால்தான் அன்று ராத்திரி போகாமல் இங்கே படுத்தாயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மழை என்று சொன்னாயே" என்றார்.

இப்போது ஒவ்வொரு வேலைக்கும் புதுச் சான்றிதழ் உண்டாக்குகிறேன்; ஒரு வாரத்தில் தானே காலாவதியாகும்படி. சாவி தனியான ஒரு மெய்நிகர் கணினியில் இருக்கும், வேலை முடிந்ததும் அதையே அழித்துவிடுகிறேன். குறிப்பேட்டில் நிறுவிய நேரத்துக்கு எதிரே நீக்கிய நேரத்துக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அது நிரம்பாமல் அறிக்கையை அனுப்புவதில்லை. ஏழு மாதத்தில் அந்தப் பாதையில் யாரும் நின்றார்களா என்பதற்கு இவற்றில் எதுவும் பதில் ஆகாது.

கிளம்பும்போது நினைவு வந்து, "சித்தி, அந்த நான்கு எண்களையும் மாற்றிவிடுங்கள். அது எனக்குத் தெரிந்த எண்" என்றேன். "உனக்குத் தெரிந்தால் என்ன மக்களே" என்றார். மாற்றுங்கள் என்று மறுபடி சொன்னேன். எங்கே போய் மாற்றுவது என்று வாயால் சொல்லிக்கொடுத்தேன். புது எண் கேட்கும் திரை வந்ததும் சித்தி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு போனைத் தன் பக்கமாகத் திருப்பி, மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.